ஸ்டேஜ் பியானோவில் ரிவெர்ப், எஃபெக்ட் கோளாறுகள்: கேட்கும் அறிகுறியிலிருந்து காரணம் தேடுதல்

டிஜிட்டல் ஸ்டேஜ் பியானோவில் ரிவெர்ப், அதாவது ஒலி ஓர் அறையில் எதிரொலித்து மெல்ல அடங்குவது போன்ற வால், சரியில்லை என்று தோன்றும் பெரும்பாலான வேளைகளில் கோளாறு ரிவெர்ப் பகுதியில் இருப்பதில்லை. சஸ்டெயின் பெடல், மிக்சரில் இன்னொருவர் சேர்த்த எஃபெக்ட், ஸ்டீரியோ ஒலியை ஒற்றைக் கேபிளில் அனுப்பியது, கணினியோடு இணைத்த யூ.எஸ்.பி. கேபிள் என வேறு ஏதோ ஒன்று காரணமாக இருக்க, பழி ரிவெர்பின் மேல் விழுகிறது. ஆகவே எந்தக் குமிழையும் தொடுவதற்கு முன் ஒலி எந்த வழியாக நம் காதுக்கு வருகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொள்வது அவசியம்.

விசையை அழுத்தியதும் பிறக்கும் ஒலி, முதலில் அந்த ஒலிப்பிரிவுக்கே (பியானோ, ஸ்ட்ரிங்ஸ் என ஒவ்வோர் ஒலிக்கும் உள்ள தனிப் பகுதி) உரிய, ஒலியின் நிறத்தையோ அசைவையோ மாற்றும் கோரஸ், ஃபேசர், ட்ரெமோலோ, டிரைவ் போன்ற இன்சர்ட் எஃபெக்டுகளைக் கடக்கிறது. அதன்பின் ஒலியின் ஒரு பங்கு மட்டும் பிரிந்து டிலேவுக்கும் (ஒலியைச் சற்றுத் தாமதித்துத் திரும்ப ஒலிக்கச் செய்வது) ரிவெர்புக்கும் சென்று, மூல ஒலியோடு மீண்டும் கலக்கிறது. அந்தப் பங்கின் அளவைத்தான் சென்ட் என்கிறோம். இறுதியாக மாஸ்டர் இகியூவும் (கீழ், மேல் ஒலிகளை ஏற்றி இறக்குவது) கம்ப்ரசரும் (உரத்த ஒலியை அடக்குவது) முழு ஒலியையும் ஒருசேரக் கையாள, அது வெளியீட்டுத் துளைக்கு வருகிறது. கருவிக்குக் கருவி இந்த வரிசை சற்று மாறினாலும், ஒரு பிரிவுக்கு மட்டும் உரியவை, எல்லாப் பிரிவுகளுக்கும் பொதுவானவை, கருவிக்கு வெளியே இருப்பவை என்ற மூன்று நிலைகள் எங்கும் உண்டு. கோளாறு இந்த மூன்றில் எந்த நிலையில் நுழைகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடும்.

அதற்கான முதல் சோதனை எல்லா அறிகுறிகளுக்கும் பொதுவானது. இப்போதைய அமைப்பை வேறொரு காலி நினைவிடத்தில் சேமித்துவிட்டு, மின்கேபிளையும் பெடலையும் தவிர மற்ற எல்லாக் கேபிள்களையும் கழற்றுங்கள். ஹெட்ஃபோனை நேரடியாகக் கருவியில் செருகி, எல்லா எஃபெக்டுகளையும் நிறுத்தி, ஒரே ஒரு பியானோ ஒலியை மட்டும் தேர்ந்து, மிடில் சி-யை ஒட்டிய ஒரு கார்டை அழுத்தி உடனே விடுங்கள். ஒலி சட்டென்று அடங்க வேண்டும். அந்த நிலையிலிருந்து ஒவ்வொரு எஃபெக்டாக, ஒவ்வொரு கேபிளாகத் திரும்பச் சேர்த்து, எந்தப் படியில் கோளாறு திரும்புகிறது என்று கேளுங்கள். இரண்டை ஒன்றாகச் சேர்த்தால் எது காரணம் என்று பிரித்தறிய முடியாது.

ரிவெர்ப் குமிழைத் திருப்பியும் மாற்றம் தெரியவில்லை

ரிவெர்பின் பொது அளவும் ஒவ்வொரு ஒலிப்பிரிவின் சென்ட் அளவும் தனித்தனியானவை என்பதை முதலில் சரிபாருங்கள். பொதுக் குமிழ் முழுமையாகத் திறந்திருந்தாலும், வாசிக்கும் பிரிவின் சென்ட் பூஜ்யமாக இருந்தால் ஒரு மாற்றமும் கேட்காது. லேயராக இரண்டு ஒலிகள் சேர்ந்திருக்கும்போது குமிழ் இரண்டில் ஒன்றை மட்டுமே கட்டுப்படுத்தலாம். திரையில் எந்தப் பிரிவு தேர்வாகியிருக்கிறதோ அதற்கே அது பொருந்தும். பியானோவுக்காக நினைத்துத் திருப்பிய குமிழ், பின்னணியில் மெல்லியதாக ஒலிக்கும் ஸ்ட்ரிங்ஸின் ரிவெர்பை மாற்றிக்கொண்டிருப்பது அடிக்கடி நேர்வது.

குமிழின் இருப்பிடமும் நினைவில் சேமித்த மதிப்பும் வேறுபடும்போது, சில கருவிகளில் குமிழ் அந்த மதிப்பைக் கடந்து செல்லும் வரை வேலை செய்யாது. இது பழுதன்று, மதிப்பு திடீரென்று தாவாமல் இருப்பதற்கான ஏற்பாடு. குமிழை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை முழுதாக ஒருமுறை திருப்பினால் தெரிந்துவிடும். மேற்பலகையைப் பூட்டும் வசதி இயங்கிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கணினி இணைந்திருந்தால் இன்னொரு காரணமும் உண்டு. கருவியும் கணினியும் செய்தி பரிமாறும் மொழியான மிடியில் கன்ட்ரோல் சேஞ்ச் எண் 91 ரிவெர்ப் சென்டுக்கும், 93 கோரஸ் சென்டுக்கும் வழக்கமாக ஒதுக்கப்பட்டவை. பதிவு மென்பொருளில் திறந்திருக்கும் கோப்பு ஒவ்வொரு முறை இயங்கத் தொடங்கும்போதும் எண் 91-க்கு ஒரு மதிப்பை அனுப்பினால், நீங்கள் அமைத்த அளவு சத்தமில்லாமல் மாறிவிடும். யூ.எஸ்.பி. கேபிளைக் கழற்றியதும் குமிழ் வழக்கம்போல் வேலை செய்தால், தேட வேண்டிய இடம் அந்தக் கோப்பே.

எல்லா எஃபெக்டையும் நிறுத்திய பிறகும் ஒலி நீள்கிறது

பெடலைக் கழற்றிவிட்டு மீண்டும் வாசியுங்கள். இப்போது ஒலி அடங்கினால் காரணம் பெடல். பெடலின் துருவம் தலைகீழாக இருந்தால், மிதிக்காதபோது ஒலி நீளும், மிதித்தால் அடங்கும். பல கருவிகள் மின்சாரம் பாயும் கணத்தில் பெடல் இருக்கும் நிலையையே ‘மிதிக்காத நிலை’ என்று எடுத்துக்கொள்கின்றன. ஆகவே அணைத்துவிட்டு, காலைப் பெடலிலிருந்து முற்றிலும் எடுத்த பிறகு இயக்குங்கள். பெடலின் அடியில் துருவத்தை மாற்றும் விசை இருந்தால் அதையும் பாருங்கள். அரைப்பெடல் வசதியுள்ள கருவிக்கு வெறும் ஆன்-ஆஃப் பெடலைச் செருகி, அமைப்பை மாற்றாமல் விட்டாலும் இத்தகைய குழப்பம் வரும்.

பெடலும் காரணமல்ல என்றால், டேம்பர் ரெசனன்ஸ், ஸ்ட்ரிங் ரெசனன்ஸ் என்ற இரண்டையும் தேடுங்கள். மெய்யான பியானோவில் ஒரு தந்தியை இசைக்கும்போது அதனோடு ஒத்த மற்றத் தந்திகளும் அதிர்வதை இவை கணக்கிட்டுத் தருகின்றன. எஃபெக்ட் பட்டியலில் இல்லாமல் பியானோ ஒலியின் உள்ளமைப்புகளில் இவை இருப்பதால், ரிவெர்பை நிறுத்தினால் நிற்பதில்லை. சோதிக்க, மிடில் சி-க்கு ஓர் ஆக்டேவ் கீழே உள்ள சி-யை ஒலி எழாதபடி மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, மிடில் சி-யைச் சுருக்கென்று அடித்து விடுங்கள். மெல்லிய ஒரு ஒலி தொடர்ந்து நின்றால் அது ஸ்ட்ரிங் ரெசனன்ஸ். நல்ல கருவியின் இயல்பு. தொல்லையாக இருந்தால் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் தனிக் கச்சேரிக்கு வாசிப்பவர் அதை முழுதும் நிறுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பெடலுக்கு உயிர் கொடுப்பதே அதுதான்.

ஒலி குழம்பித் தெளிவில்லாமல் கேட்கிறது

அதிகம் பேரை வருத்தும் கோளாறு இதுவே என்பதால் சற்று விரிவாகப் பார்க்கலாம். ரிவெர்பின் அளவை மட்டும் குறைத்துப் பார்த்து, ஒலி வறண்டுபோனதும் மீண்டும் ஏற்றி, இரண்டுக்கும் நடுவே அலைவதே பலருடைய அனுபவம். அதற்குக் காரணம், திருத்த வேண்டியது அளவை அன்று, நீளத்தை.

ரிவெர்பின் நீளம் என்பது ஒலி 60 டெசிபெல் தணிய எடுக்கும் நேரம். ஹால் வகையில் 2.5 வினாடி அமைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். நிமிடத்துக்கு 120 அடி என்ற நடையில் ஓர் அடி அரை வினாடி. அந்த அரை வினாடியில் வால் 12 டெசிபெல்தான் தணியும். அதாவது அடுத்த கார்டை அடிக்கும்போது முந்தைய கார்டின் வால் இன்னும் நன்றாகவே ஒலித்துக்கொண்டிருக்கிறது. நீளத்தை 1.2 வினாடியாகக் குறைத்தால் அதே அரை வினாடியில் 25 டெசிபெல் தணிந்துவிடும். அடுத்த கார்டு சுத்தமாகக் கேட்கும். எனவே பாட்டின் நடை வேகமாக இருந்தால் முதலில் நீளத்தைக் குறையுங்கள். அளவை அதன்பின் சற்று ஏற்றினாலும் தெளிவு கெடாது.

சோதனைக்கு, மிடில் சி-க்குக் கீழுள்ள ஆக்டேவில் நெருக்கமான மூன்று சுரக் கார்டு ஒன்றைப் பாட்டின் நடையிலேயே, பெடல் இல்லாமல், சுருக்குச் சுருக்கென்று வாசியுங்கள். கார்டுகளுக்கு நடுவே இடைவெளி கேட்க வேண்டும். பிறகு அதையே பெடலோடு வாசியுங்கள். பெடல் சேர்ந்ததும்தான் குழம்புகிறது என்றால் ரிவெர்பில் இனிக் குறைக்க ஒன்றும் இல்லை. கார்டு மாறும் இடத்தில் பெடலை முழுதாக எடுக்கிறோமா என்று பார்க்க வேண்டும். நீண்ட ரிவெர்பும் நீண்ட பெடலும் ஒரே வேலையை இருமுறை செய்பவை.

குழப்பம் பெரும்பாலும் கீழ்ச் சுரங்களில்தான் குவிகிறது. ரிவெர்புக்கு மட்டும் பொருந்தும் லோ கட் (குறித்த அதிர்வெண்ணுக்குக் கீழுள்ள ஒலியை வெட்டுவது) இருந்தால் அதை 200 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை உயர்த்துங்கள். இடது கையின் மூல ஒலி அப்படியே இருக்க, அதன் வால் மட்டும் மெலியும். மாஸ்டர் இகியூவில் கீழ்ப்பகுதியைக் குறைப்பது இதற்கு மாற்று ஆகாது. அது பியானோவின் அடித்தளத்தையே எடுத்துவிடும். பிரீ டிலே (மூல ஒலிக்கும் ரிவெர்பின் தொடக்கத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி) இருந்தால் 20 முதல் 40 மில்லி வினாடி வரை வையுங்கள். காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்வதால், 30 மில்லி வினாடி என்பது எதிரொலித்து வரும் ஒலி ஏறக்குறைய 10 மீட்டர் கூடுதலாகப் பயணித்ததற்குச் சமம். விசையின் தொடக்கத் தாக்கு முதலில் தெளிவாகக் கேட்டு, அதன்பிறகே ரிவெர்ப் மலர்வதால், இருக்கும் ரிவெர்ப் குறையாமலே வாசிப்பு முன்னுக்கு வரும்.

இந்த நுணுக்கங்கள் எதுவும் இல்லாமல் ஒரே ஒரு குமிழ் மட்டும் உள்ள கருவியானால், ஹாலிலிருந்து ரூம் வகைக்கு மாறுங்கள். கூட்டு இசையில் பியானோவுக்கு ரூமும் பிளேட்டும் பெரும்பாலும் ஹாலைவிட நன்றாகவே பொருந்துகின்றன. பிளேட் என்பது தொங்கவிட்ட எஃகுத் தகட்டை அதிரவைத்துப் பெற்ற ரிவெர்பின் சாயல். 1957-இல் வந்த இ.எம்.டி. 140 என்ற ஜெர்மானியக் கருவி அதன் முன்மாதிரி. சுவர்களிலிருந்து திரும்பும் தனித்தனி எதிரொலிகள் அதில் இல்லாததால், அடர்த்தியாக இருந்தும் ‘ஓர் அறைக்குள் இருக்கிறோம்’ என்ற உணர்வைத் திணிப்பதில்லை.

இன்னோர் அறிகுறி: வாசிக்கும்போது வால் அடங்கியிருந்து, கையை எடுத்ததும் மேலெழுந்து வீங்குகிறதென்றால், ரிவெர்புக்குப் பின்னால் அமைந்த கம்ப்ரசரே காரணம். மூல ஒலி நின்றதும் கம்ப்ரசர் தன் பிடியை விடுவதால் வால் உயர்கிறது. அங்கே ரிவெர்பைத் தொடாமல் கம்ப்ரசரைத் தளர்த்துங்கள்.

ஹெட்ஃபோனில் அழகாக இருந்தது, மேடையில் மெலிந்து குழிந்து கேட்கிறது

ஸ்டீரியோ ஒலி மோனோவாகும்போது நேர்வது இது. பியானோ ஒலியை இரு மைக்குகளைத் தள்ளித் தள்ளி வைத்துப் பதிந்திருப்பார்கள். ஒரே சுரம் இரு மைக்குகளையும் வெவ்வேறு நேரத்தில் அடைந்திருக்கும். ஹெட்ஃபோனில் அது அகலமாக விரிகிறது. இரண்டையும் ஒரே தடத்தில் கூட்டினால் சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. மிடில் சி-யைச் சுற்றியுள்ள சுரங்களில் சில உள்ளே அமுங்கியதுபோல் கேட்பது அதனால்தான். இடமும் வலமும் எதிரெதிராக அசையும் ஸ்டீரியோ கோரஸும் இவ்வாறே பெரும்பகுதி மறைந்துவிடுகிறது.

எலெக்ட்ரிக் பியானோவில் இது இன்னும் வெளிப்படை. ரோட்ஸ் சூட்கேஸ் கருவியின் ஸ்டீரியோ ட்ரெமோலோ, ஒலியை இடத்துக்கும் வலத்துக்கும் மாற்றி மாற்றி எறிவது. இரு பக்கமும் ஒன்றாகக் கூடும்போது ஒன்றின் ஏற்றத்தை மற்றொன்றின் இறக்கம் ஈடுசெய்வதால் அசைவே கேட்காது. அதே ஒலியை இடதுபக்கக் கேபிளில் மட்டும் எடுத்தால், பாதி நேரம் ஒலி காணாமல் போகும். கருவி பழுதாகிவிட்டது என்று அஞ்ச வைக்கும் அறிகுறி இது. கேபிள் சோதனை ஒன்றே தீர்த்துவிடும்.

இரண்டு கேபிள்களையும் தந்து மிக்சரில் இடம், வலம் என விரித்துவைக்கச் சொல்வது சிறந்த வழி. ஸ்பீக்கர் ஏற்பாடே மோனோ என்றால், இரண்டு கேபிள் தந்து மிக்சரில் நடுவே கூட்டுவதைவிட, இரு பக்கமும் கருவிக்குள்ளேயே சேர்ந்து வரும் ‘எல்/மோனோ’ என்று குறித்த துளையில் மட்டும் ஒரு கேபிளைச் செருகுங்கள். வலப்பக்கத் துளையில் ஒன்றும் இருக்கக் கூடாது. மோனோவுக்கென்றே தனிப் பியானோ ஒலியோ மோனோ பொத்தானோ கருவியில் இருந்தால் தயங்காமல் பயன்படுத்துங்கள். கோரஸைக் குறைத்து, பான் வகை ட்ரெமோலோவை மோனோ ட்ரெமோலோவாக மாற்றிவிடுங்கள். மேடையில் ஒலிக்கப்போகும் அமைப்பை ஹெட்ஃபோனில் மட்டும் கேட்டுத் தீர்மானிப்பது சரியாக வராது. குறைந்தபட்சம் ஒருமுறையாவது ஒற்றை ஸ்பீக்கரில் கேட்டுவிட வேண்டும்.

ஒத்திகையில் போதுமாக இருந்த ரிவெர்ப், அவை நிறைந்ததும் போதவில்லை

மெத்தைகளைப்போலவே ஆட்களும் ஒலியை உறிஞ்சுகிறார்கள். ஹார்வர்டின் விரிவுரை மண்டபம் ஒன்றின் கட்டுமீறிய எதிர்முழக்கத்தை ஆராய 1895-இல் அழைக்கப்பட்ட இயற்பியலாளர் வாலஸ் சபைன், இருக்கை மெத்தைகளை உள்ளே கொண்டுவந்தும் வெளியேற்றியும் அளந்து நிறுவிய உண்மை இது. ஆகவே காலி மண்டபத்தில் போதுமானதாகத் தோன்றும் ரிவெர்ப் அளவே நிறைந்த அவைக்கும் பொருந்தும் என்று எண்ணிவிட வேண்டாம்; காலி மண்டபம் தானே ரிவெர்ப் தருவதால், அவை நிறைந்த பிறகு ஒரு சிறு ஏற்றம் தேவைப்படலாம்.

அந்த ஏற்றத்தை யார் செய்வது என்பதை முன்னதாகப் பேசிக்கொள்ளுங்கள். ஒலிப் பொறியாளர் இருக்கும் இடத்தில், பியானோவின் ரிவெர்பை நிறுத்திவிட்டோ மிகக் குறைத்தோ அனுப்பி, அந்தப் பொறுப்பை அவரிடம் விட்டுவிடுவதே என் உறுதியான கருத்து. மண்டபத்தில் கேட்பதை அவர் காதுகள் அறியும், நம் காதுகள் அறியா. கலந்து அனுப்பிய ரிவெர்பை மிக்சரில் யாராலும் பிரித்தெடுக்க முடியாது. இருவரும் சேர்த்தால் அது இருமடங்காகிவிடும். ஒலியின் குணத்தோடு பிணைந்த ட்ரெமோலோ, ஃபேசர், சுழல் ஸ்பீக்கர், நடைக்கேற்ப அமைத்த டிலே ஆகியவற்றை மட்டும் நம்மிடமே வைத்துக்கொள்ளலாம். டிலேவின் நேரம் 60,000-ஐ நடையால் வகுத்தால் கிடைக்கும்: 120 அடி நடையில் ஓர் அடிக்கு 500 மில்லி வினாடி.

ஒவ்வொரு சுரமும் உலோகக் குழாயில் ஒலிப்பதுபோல் இரட்டித்துக் கேட்கிறது

கணினி இணைந்திருக்கும்போது மட்டும் இது வந்தால், விசையை அழுத்திய செய்தி இருமுறை ஒலியெழுப்புகிறது என்று பொருள்: ஒன்று கருவிக்குள்ளேயே, மற்றொன்று கணினிக்குச் சென்று சில மில்லி வினாடி தாமதித்துத் திரும்பி. விசைகள் கருவியின் ஒலியை நேரடியாக எழுப்பும் இணைப்பான லோக்கல் கன்ட்ரோலை நிறுத்துங்கள், அல்லது மென்பொருளில் அந்தத் தடம் மிடியைத் திருப்பி அனுப்புவதை நிறுத்துங்கள். இரண்டில் ஒன்று போதும். ஒலிக்கும் சுரங்களின் உச்ச எண்ணிக்கையும் இந்த நிலையில் பாதியாகிவிடுவதால், நீண்ட பெடலில் பழைய சுரங்கள் அறுபடுவதும் இதன் துணை அறிகுறியே. கணினியைக் கழற்றிய பின் விசைகள் ஊமையாகிவிட்டால், லோக்கல் கன்ட்ரோல் நிறுத்திய நிலையிலேயே நின்றுவிட்டது.

ஒலி கரகரக்கிறது, இரைகிறது

கரகரப்பு எங்கே பிறக்கிறது என்று அறிய, கருவியின் மாஸ்டர் வால்யூமைப் பாதியாகக் குறைத்து, அதே அழுத்தத்தில் வாசியுங்கள். ஒலி சிறிதாகியும் கரகரப்பின் தன்மை மாறாமல் இருந்தால், அது வால்யூமுக்கு முன்பே, அதாவது டிரைவ், ஆம்ப் சிமுலேஷன், ஏற்றிய இகியூ, பல லேயர்களின் கூட்டுத்தொகை ஆகியவற்றில் பிறக்கிறது. கரகரப்பு மறைந்துவிட்டால், மிக்சரின் உள்ளீடே தாங்காமல் வழிகிறது; அங்கே கெயினைக் குறைக்க வேண்டும், அல்லது டி.ஐ. பாக்ஸில் (கருவியை மிக்சரோடு இணைக்கும் சிறு பெட்டி) பேடை, அதாவது ஒலியளவைக் குறைக்கும் விசையை, இயக்க வேண்டும்.

வாசிக்காதபோதும் ‘ம்ம்’ என்று தொடரும் இரைச்சலுக்கு எஃபெக்ட் காரணமாவது அரிது. மாஸ்டர் வால்யூமைப் பூஜ்யமாக்கியும் அது நீடித்தால், பெரும்பாலும் தரையிணைப்புச் சுழலே (கருவிகள் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் தரையோடு இணைவது) காரணம். டி.ஐ. பாக்ஸின் கிரவுண்ட் லிஃப்ட் விசையைப் பயன்படுத்துங்கள். மின்செருகியின் எர்த் முனையை ஒருபோதும் நீக்காதீர்கள், அது உயிருக்கே ஆபத்து. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றியதும் இரைச்சல் நின்றால் வழி அதுவே.

ஒலியை மாற்றும்போது ரிவெர்பின் வால் அறுந்துபோகிறது

ஒரு நினைவிடத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது எஃபெக்டுகளும் புதிதாக ஏற்றப்படுவதால் இது நிகழ்கிறது. வால் அறாமல் மாறும் வசதி உள்ள கருவிகளிலும் அதற்கு எல்லைகள் உண்டு. இரு நினைவிடங்களிலும் ரிவெர்ப் வகையையும் நீளத்தையும் ஒன்றாகவே வைத்துப் பாருங்கள். அதுவும் போதாவிட்டால், தேவையான இரு ஒலிகளையும் ஒரே நினைவிடத்தில் இரு பிரிவுகளாக அமைத்து, பிரிவின் பொத்தானால் ஒன்றை நிறுத்தி மற்றொன்றை எழுப்புங்கள்.

அமைத்ததெல்லாம் மறுநாள் காணவில்லை

சேமிக்காத மாற்றங்கள் கருவியை அணைத்தாலோ, வேறு ஒலிக்கு மாறினாலோ போய்விடும். திரையில் நினைவிடப் பெயரின் அருகே நட்சத்திரக் குறியோ அதைப் போன்ற அடையாளமோ தெரிந்தால் சேமிப்பு நிலுவையில் இருக்கிறது. கருவி தானாக அணையும் நேரத்தையும் பாருங்கள். இடைவேளையில் அது அணைந்துவிட்டால் உழைப்பு வீணாகும். இகியூவும் சில கருவிகளில் ரிவெர்பும் நினைவிடத்துக்குள் அடங்காத பொது அமைப்புகளாக இருக்கக்கூடும். அவற்றை வேறொரு பக்கத்தில் தனியே சேமிக்க வேண்டும், ஒரு பாட்டுக்காக மாற்றினால் எல்லாப் பாட்டுகளிலும் மாறிவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மேலே கூறிய எதுவும் பயன்தராதபோது மட்டுமே ஃபேக்டரி ரீசெட்டுக்குச் செல்லுங்கள். அது நீங்கள் சேமித்த எல்லாவற்றையும் அழித்துவிடும் என்பதால், முதலில் முழு நினைவையும் யூ.எஸ்.பி. ஸ்டிக்கிலோ கணினியிலோ நகலெடுத்து, அந்த நகல் உண்மையிலேயே திறக்கிறதா என்றும் உறுதிசெய்துகொள்ளுங்கள். ரீசெட்டுக்குப் பின் ஆலை அமைப்பிலுள்ள பியானோ ஒலியிலும் அதே கோளாறு ஹெட்ஃபோனில் கேட்டால், இனி அது அமைப்பின் பிரச்சினை அல்ல. கருவியைப் பழுதுபார்க்கும் நிலையத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். எந்தச் சோதனையில், எந்தப் படியில் கோளாறு தோன்றியது என்பதைக் குறித்து உடன் கொடுத்தால் அவர்கள் வேலை விரைவாக முடியும்.